மலைப்புல் மட்டும் போதுமா? பழனி மலையில் மட்டக்குதிரை வளர்ப்போர் கவனத்துக்கு

திண்டுக்கல் மாவட்டத்தில் சாலை எட்டாத மலைக்கிராமங்களுக்கு இன்றும் அரிசி மூட்டையும் உப்பும் எரிவாயு உருளையும் குதிரை முதுகில்தான் போகின்றன. கொடைக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவி போன்ற ஊர்களில் விளையும் காப்பியும் பழமும் சந்தைக்கு வருவதும் அப்படித்தான். கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளை நம்பியும் பல குடும்பங்கள் இருக்கின்றன. பொதி சுமக்கும் குதிரை ஒன்று படுத்துவிட்டால், அந்தச் சுமை வீட்டில் உள்ளவர்களின் தலைக்கு வந்துவிடும்.

மாடு, ஆடு வளர்ப்புக்கு ஊருக்கு ஊர் ஆலோசனை கிடைக்கிறது. குதிரைக்குச் சொல்வார் குறைவு. அதனால் பலர் மாட்டுக்குச் செய்வதையே குதிரைக்கும் செய்கிறார்கள். மேய்ச்சல் குதிரைகளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் புல், தழை, தவிடு எல்லாம் குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. பழனி மலையில் இதைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குதிரையின் வயிறு

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையிலேயே நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைத்து, சில நச்சுகளையும் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சிறியது. பெரிய சாதிக் குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நம் மட்டக்குதிரைக்கு அதில் பாதி இருந்தால் அதிகம். புல் செரிப்பது பின்னால் உள்ள பெருங்குடலில். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

மேய விட்ட குதிரை நாளில் 14 முதல் 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே இருக்கும். அதன் உடல் அதற்கென அமைந்தது. பகல் முழுவதும் வாய்க்கூடு போட்டு வேலை வாங்கி, இரவில் ஒரு கூடை தானியத்தைக் கொட்டினால் வயிற்றுச் சூலை வராமல் இருப்பதுதான் அதிசயம்.

எவ்வளவு கொடுப்பது?

முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். தராசு தேவையில்லை, தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பிட்ட முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கவும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 135, நீளம் 130 என்றால் சுமார் 199 கிலோ. குடற்புழு மருந்தின் அளவையும் இந்த எடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ உலர்நிலைத் தீவனம் தேவை. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் 20 முதல் 25 கிலோ பசும்புல் என்று கணக்கு. வேலை இல்லாத குதிரைக்கு நல்ல புல்லும் உப்பும் தண்ணீரும் போதும். பொதி சுமக்கும் நாட்களில் 1 முதல் 1½ கிலோ அடர்தீவனம் சேர்க்கலாம். அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ஒரு வேளைக்கு அரை கிலோவுக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். புல்லைத் தின்ற பிறகு தானியம் வைப்பது நல்லது.

நம் ஊரில் குதிரைத் தீவனம் என்றாலே கொள்ளுதான். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி மனிதருக்குச் சொன்னது. இளைத்த குதிரைக்கும் கொள்ளு நல்லதே. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் பச்சையாகக் கொடுத்தால் சரியாகச் செரிக்காது. இரவில் ஊற வைத்து, வேக வைத்து, ஆறிய பிறகு கொடுக்கவும். மொத்த அடர்தீவனத்தில் கொள்ளு மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். மீதிக்கு உடைத்த மக்காச்சோளம், ஓட்ஸ், பார்லி இவற்றில் எது கிடைக்கிறதோ அது. மக்காச்சோளத்தில் பூஞ்சணம் இருந்தால் தூக்கி எறிந்துவிடவும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே கரைக்கும் நோயைக் கொண்டுவரும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்ட குதிரைகள் இங்கே நிலைக்காமல் செத்துப் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்கள், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இன்று யாரும் இறைச்சி கொடுப்பதில்லை. மீந்த சோறு மட்டும் இன்னும் குதிரைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் நிறுத்த வேண்டும்.

மழையால் மூன்று நான்கு நாள் வேலை இல்லாமல் கட்டிப் போட்டிருக்கும்போது தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடவும். வழக்கமான அளவைத் தின்றுவிட்டு, மழை விட்டதும் ஏற்றத்தில் சுமையோடு கிளம்பும் குதிரைக்குத் திடீரென்று பின்தொடைச் சதை கல்லாக இறுகி, நடக்க முடியாமல் நின்றுவிடும். வியர்த்துக் கொட்டும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அந்த நிலையில் ஓர் அடிகூட நடத்தக் கூடாது. இருந்த இடத்திலேயே சுமையை இறக்கி, சாக்கைப் போர்த்தி, மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

தண்ணீர் நாளொன்றுக்கு 15 முதல் 25 லிட்டர் வேண்டும். மார்கழி, தை மாதக் குளிரில் கொடைக்கானல் குதிரைகள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும், குடலில் சாணம் இறுகும். அந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் நன்றாகக் குடிக்கும். உப்பு தினமும் 25 கிராம், வியர்வை அதிகமானால் 40 கிராம்.

கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் மீதி இருக்கிறதே என்று குதிரைக்குப் போட வேண்டாம். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கலக்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். சில கால்நடைத் தீவனங்களிலும் இவை இருக்கும்.

பச்சைப்பசேல் புல்லில் எலும்பு நோய்

கொடைக்கானல் மேல்மலையில் சாலையோரம், பங்களா புல்தரை, கைவிட்ட தோட்டம் என எங்கும் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும் தடித்த கொடிப்புல் கிக்குயூ. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மேய மேயத் தழைக்கும், மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும். குதிரையும் விரும்பித்தான் தின்கிறது. ஆனால் இந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், புல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்குச் சேதம் இல்லை. குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சிறுகுடலில் கிடைக்க வேண்டும். அங்கே அது பூட்டிக் கிடக்கிறது. வயிறு நிறையப் புல் இருந்தும் உடம்பு சுண்ணாம்புக்குத் தவிக்கும். கடைசியில் உடல் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும்.

முதல் அறிகுறி நொண்டல். இன்று முன்கால், அடுத்த வாரம் பின்கால் என்று மாறி மாறி நொண்டும். குளம்பில் முள்ளும் இருக்காது, சீழும் இருக்காது. நடை குறுகும், இறக்கத்தில் தயங்கும், மேய்ச்சல் நன்றாக இருந்தும் உடம்பு இளைக்கும். நாள் போனால் முகத்தின் இரு பக்க எலும்பும் தாடையும் தடித்து வீங்கும், பற்கள் ஆடும். ஆங்கிலேயர் இதைப் 'பெரிய தலை நோய்' என்றே அழைத்தார்கள். முகம் வீங்கும் வரை விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். நொண்டலிலேயே கண்டுபிடித்தால் பல மாதச் சிகிச்சையில் தேறும்.

இதே குதிரைக்குத் தெம்புக்காகத் தவிடு வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு இரண்டிலும் சுண்ணாம்புச் சத்தைப் போலச் சுமார் 10 மடங்கு மணிச்சத்து இருக்கிறது. மணிச்சத்து மிகுந்தால் சுண்ணாம்பு உடலில் சேர்வது மேலும் குறையும். கிக்குயூ மேய்ச்சலும் தினசரித் தவிடும் சேர்ந்த குதிரையின் எலும்பு இரு பக்கமும் அரிக்கப்படுகிறது. தவிட்டை ஒரு கைப்பிடி ருசிக்கு வைத்தால் போதும்.

கீழே சமவெளியில் பால் மாட்டுக்காகப் பலர் வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்சலேட் அதிகம். அதை மட்டுமே குதிரைக்கு வெட்டிப் போட்டாலும் இதே நோய் வரும். பச்சைச் சோளத்தட்டையை மட்டுமே நம்பினால் வேறு தொல்லை: பின்கால் தள்ளாடும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசியும்.

என்ன செய்யலாம்? முதலில், கிக்குயூ மட்டுமே உள்ள இடத்தில் குதிரையை ஆண்டு முழுவதும் கட்டாமல், கலப்புப் புல் உள்ள சரிவுகளில் மாற்றி மேய்க்கவும். இரண்டாவது, பயறுவகைத் தீவனம். குதிரை மசால் என்று நம் முன்னோர் பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, ஆக்சலேட் தொல்லை குறைவு. திண்டுக்கல், கோவைப் பக்கம் பயிராகும் குதிரை மசாலை உலர்த்தி மேலே கொண்டுவந்தால் தினம் அரை முதல் ஒரு கிலோ வரை கொடுக்கலாம். முயல் மசாலும் நல்லதே. மூன்றாவது, தாது உப்பு. சுண்ணாம்புக்கல் தூள் ஒரு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு பங்கு கலந்து, கிக்குயூ மேயும் 200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வெல்லத் தண்ணீரில் பிசைந்து தீவனத்தோடு கொடுக்கலாம். நொண்டல் தொடங்கிவிட்ட குதிரைக்கு எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்யட்டும். சுண்ணாம்புக்கல் தூள் என்றால் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ கலந்துவிட வேண்டாம். வாயும் குடலும் வெந்துவிடும்.

இருமும் குதிரையும் வெள்ளைப்பூச் செடியும்

ஓடைக்கரை, சாலை வெட்டிய மண்சரிவு, ஈரமான தோட்ட ஓரம் எங்கும் இடுப்பளவு புதராக வளர்ந்து, பனி முடிந்து வெயில் தொடங்கும் மாதங்களில் கொத்துக் கொத்தாக வெள்ளைப்பூ பூக்கும் செடி யூபடோரியம். தண்டு கருஞ்சிவப்பு, இலை எதிரெதிராக, ஓரம் பல் பல்லாக இருக்கும். மெக்சிகோவிலிருந்து பரவி நீலகிரியையும் பழனி மலையையும் பிடித்துக்கொண்ட களை. மாடு பெரும்பாலும் தொடாது. குதிரை தேடித் தின்னும்.

இந்தச் செடி குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நுமின்பா என்ற பள்ளத்தாக்கில் குதிரைகள் தொடர்ந்து மூச்சுத் திணறிச் செத்து, அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு நோய் அழைக்கப்பட்டது. காரணம் இந்தச் செடிதான் என்று பின்னர் உறுதியானது. தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. சில வாரங்கள், மாதங்கள் கழித்து முதலில் வேலையின்போது இருமல் வரும். பிறகு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், விலா இரண்டு தடவையாக அசையும். கடைசியில் சுமையோடு ஏறும்போதே சரிந்து விழலாம். கெட்ட நுரையீரல் திரும்பாது, மருந்தும் இல்லை. பூக்கும் காலத்தில் நஞ்சு மிகுதி. ஆகவே பூப்பதற்கு முன்பே மேய்ச்சல் நிலத்தில் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதைக் குதிரை எட்டும் இடத்தில் குவிக்காதீர்கள். இருமல் எல்லாமே இந்தச் செடியால் அல்ல. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் தூசியாலும் வரும். அந்த இருமல் வைக்கோலை நிறுத்தினால் தணியும்.

பெரணியைப் பச்சையாகக் குதிரை அதிகம் தின்னாது. புல்லறுக்கும்போது கட்டோடு கலந்து வாடிவிட்டால் பிரித்தறியாமல் தின்னும். லாயத்தில் மெத்தைக்குப் போட்டதையும் கொறிக்கும். வாரக்கணக்கில் தின்றால் வைட்டமின் பி1 அழிந்து கால் பின்னித் தள்ளாடும். நேரத்தோடு ஊசி போட்டால் பிழைக்கும்.

கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் வருமானத்துக்கும் பட்டர் புரூட் மரம் இருக்கிறது. அதன் நிழலில் குதிரையைக் கட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இலை, பட்டை, காய் எல்லாமே குதிரைக்கு நஞ்சு: உதடும் தலையும் மார்பும் வீங்கும், இதயம் பாதிக்கும். சவுண்டல் (சூபாபுல்) தழையைத் தொடர்ந்து போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிப் போகும். யாரோ வாலை வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன் என்ன தழை வெட்டிப் போட்டோம் என்று பாருங்கள். அரளி வேலி உள்ள இடத்தில் குதிரையைக் கட்டவே கூடாது.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் அறுவடைக் கழிவு மலிவாகக் கிடைக்கும். கேரட் நல்லது, நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தால் தொண்டையில் அடைக்காது. பூண்டுத் தாள், பூண்டுக் கழிவு வேண்டாம். அளவு கூடினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கும் முளைத்த கிழங்கும் நஞ்சு. முட்டைக்கோஸ் கழிவு வயிற்றில் காற்றைச் சேர்க்கும். பேரி, பிளம்ஸ் உதிரும் காலத்தில் மரத்தடியில் மேய விட்டால் புளித்த பழம் வயிற்றுக்குள் பொங்கும்.

நகரத்தில் அவிழ்த்து விடுவது தனிப் பிரச்சினை. காட்டுக்குள் மேய்ச்சலுக்கு வனத்துறைக் கட்டுப்பாடு இருப்பதால் வேலை முடிந்ததும் தெருவில் விடுகிறார்கள். அங்கே குப்பைத் தொட்டி பிளாஸ்டிக்கும் ஓட்டல் கழிவும் பயணிகள் நீட்டும் பிஸ்கட்டும் ரொட்டியும் காத்திருக்கின்றன. இரவில் வீட்டருகே கட்டி 2 கிலோ உலர்புல் போடுவதற்கு ஆகும் செலவு, ஒரு குடல் அடைப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

மேய்ச்சல் நிலமும் குளம்பும்

குதிரை சாணமிடும் பக்கம் மேயாது. மேயும் பக்கத்தை மொட்டை அடித்துவிடும். சாணத்தை வாரம் இரண்டு தடவை அள்ளினால் புழுவும் குறையும், புல்லும் மிஞ்சும். குதிரை மேய்ந்த நிலத்தில் அடுத்து மாட்டையோ செம்மறியையோ மேய்ப்பது மிக நல்ல முறை. குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைக்காது. குடற்புழு மருந்தைச் சாணப் பரிசோதனை செய்து, மழைக்கு முன்னும் பின்னும் கொடுப்பது போதும். மாதாமாதம் கொடுத்தால் மருந்துக்குப் புழு பழகிவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் சேற்றிலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பகுதி கறுத்து அழுகி நாறும். தினமும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரவில் உலர்ந்த தரையில் கட்டவும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தி லாடத்தை மாற்ற வேண்டும். ஆணி குத்திய காயம் சிறியதாகத் தெரிந்தாலும் ரணஜன்னிக்கு அதுவே வாசல். வேறு எந்தக் கால்நடையைவிடவும் குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும். வந்தால் பிழைப்பது அரிது. முதல் தடுப்பூசிக்கு 4 வாரம் கழித்து இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. தெருநாய்கள் உள்ள ஊரில் வெறிநோய்த் தடுப்பூசியும் சேர்த்துப் போடவும்.

வெளியூர்ச் சந்தையில் குதிரை வாங்கினால், ரத்தப் பரிசோதனைக்கு முன் மற்ற குதிரைகளோடு கட்டக் கூடாது. மூக்கில் கெட்டியான சளி, மூக்குக்குள் புண், காலில் வரிசையாக உடையும் கட்டிகள் இருந்தால் கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும். அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். மறைப்பது வீட்டில் உள்ளவர்களுக்கே ஆபத்து.

சுமை விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. 70 என்பது உச்ச அளவு. 200 கிலோ குதிரை செங்குத்துப் பாதையில் ஏற 40 முதல் 50 கிலோவே நியாயமான சுமை.

வயிற்றுச் சூலை வந்தால்

குதிரை தீவனத்தை விட்டுவிட்டு விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். முன்காலால் தரையைப் பறிக்கும், வயிற்றை உதைக்கும், படுத்துப் புரளும், வியர்க்கும். உடனே தீவனத்தை அப்புறப்படுத்துங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் எழுப்ப வேண்டியதில்லை. புரண்டால் மெதுவாக நடத்துங்கள், ஓட்ட வேண்டாம். மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. அது தவறி நுரையீரலுக்குள் போனால் சூலையில் பிழைத்த குதிரை அதனால் சாகும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

கால்நடை அவசர ஊர்தி எண் 1962-க்கு அழையுங்கள். ஊர்தி வர முடியாத ஊராக இருந்தால், குதிரை நடக்கும் நிலையில் உள்ளதா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாலை முனை வரை கொண்டுவரலாம். அழைக்கும்போது மூன்று விவரங்களைக் கையில் வைத்திருங்கள். ஒன்று, நாடித் துடிப்பு: தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் 36 முதல் 44 சரி. 60-ஐத் தாண்டினால் ஆபத்து. இரண்டு, கடைசியாகச் சாணமிட்டது எப்போது என்பது; நல்ல குதிரை நாளில் 8 முதல் 12 தடவை சாணமிடும். மூன்று, கடந்த இரண்டு நாளில் தீவனத்தில் என்ன மாற்றினீர்கள் என்பது. இரு விலாவிலும் காதை வைத்துக் கேட்டு, குடல் இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.